திருமதி ஜே. ரையன், கில்மோரன்

நவம்பர் ஐந்தாம் நாள், திங்கட்கிழமை முற்பகலில் கல்தச்சர் மர்ட்டா என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“தபாலு, மூணாவது வரியில எடம் விட்டு வச்சிருக்கேன். அதுல என்ன வெட்டணும்? வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு. கல்லைத் தூக்கி நிறுத்திட்டா அப்புறம் நான் மண்டி போட்டுத்தான் வெட்டணும். எனக்கு முட்டி சரியில்ல.”

“விசாரிச்சுக்கிட்டுதான் இருக்கேன், மர்ட்டா.”

“மார்ச் மாசத்துலேருந்து விசாரிக்கிறே. செத்தது யாருன்னு கேட்டா ரெண்டு பேரைக் காட்டுறே. ஒரு குழியில ஒருத்தன்தானப்பா படுக்க முடியும்.”

அவர் கூறியது நியாயமே. எனினும் அந்த ஒருவன் எவன் என்பது எனக்கு அன்று வரை விளங்கவில்லை.

என் பெயர் ஃபின்டன் ஹேக்கட். கில்மோரன் ஊரில் முப்பத்தொன்பது ஆண்டுகள் தபால்காரனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றேன். எனக்கு முன்பு என் தந்தையும், அவருக்கு முன்பு என் தாத்தா ஜெரமையாவும் அதே பணியைச் செய்தனர். ஆகவே ஊரார் என்னை இன்றும் ‘தபாலு’ என்றே அழைக்கின்றனர். ஊரில் நினைவுக்கல் நிறுவும் குழு அமைக்கப்பட்டபோது, முகவரிகளை நன்கறிந்தவன் என்ற காரணத்தால் நானே செயலாளர் ஆக்கப்பட்டேன்.

கல்லில் மூன்று பெயர்கள். மூவரும் எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர்கள்; மூவரும் 1918ஆம் ஆண்டுப் போரின் இறுதி வாரத்தில் பிரான்சில் மடிந்தவர்கள். மைக்கேல் டாயர் நவம்பர் நான்காம் நாள் இறந்தார். வில்லியம் கிளீசன் பத்தாம் நாள், போர் ஓய்வதற்குச் சரியாக ஒரு நாள் முன்பு இறந்தார். இடைப்பட்ட எட்டாம் நாள் இறந்தவர் மத்தாயஸ் ரையன். ஆங்கில அரசரின் சீருடையை அணிந்து இறந்தவர்கள் என்பதால், எங்கள் நாடு இங்கிலாந்திடமிருந்து விடுதலை பெற்ற பிறகு இவர்களைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே ஊருக்குக் குரல் திரும்பியது.

எங்கள் பங்கில் ரையன் குடும்பங்கள் பதினொன்று உண்டு. ஆகவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கிளைப்பெயர் உண்டு: பாலத்து ரையன், கறுப்பு ரையன், தச்சு ரையன் என்பன போல. வெறும் ‘ரையன்’ என்று எழுதப்பட்ட கடிதம் எங்கள் ஊரில் முகவரியற்ற கடிதத்துக்குச் சமம். கல்லிலும் கிளைப்பெயர் இடம்பெற வேண்டும் என்று குழு முடிவெடுத்தது. ராணுவத்தின் ஏடுகளில் கிளைப்பெயர் கிடையாது என்பதை அம்முடிவை எடுத்தபோது நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

எங்கள் வழக்கப்படி தலைமகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரே சூட்டப்படும். கிழவர் மத்தாயஸ் ரையனுக்கு இரு புதல்வர்கள். ஒருவர் பாலத்தின் அருகில் வாழ்ந்தார். மற்றவர் மேட்டில் குடியேறி, கருங்கூந்தல் கொண்ட பெண்ணை மணந்து, கறுப்பு ரையன் ஆனார். இருவருக்கும் 1897ஆம் ஆண்டிலேயே தலைமகன் பிறந்தான். இரு குழந்தைகளுக்கும் மத்தாயஸ் என்றே பெயரிட்டனர். ஊரில் எவரும் குழம்பவில்லை. பாலத்து மத்தி, கறுப்பு மத்தி என்று அழைத்தனர். பின்னர் அவ்விருவரும் ஒரே நாளில் லிமெரிக் நகருக்குச் சென்று ஒரே படைப்பிரிவில் சேர்ந்தனர். அவர்களுக்கு அடுத்தடுத்த எண்கள் வழங்கப்பட்டன: 4471, 4472.

4471 எண்ணுடையவன் பிரான்சில் புதைக்கப்பட்டான். 4472 எண்ணுடையவன் மறு ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டான். அதன் பின்பு அவனைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. இருவருமே ஊர் திரும்பவில்லை. பிற விவரங்கள் அடங்கிய ஏடுகள் அடுத்த உலகப்போரில் லண்டனில் குண்டு விழுந்தபோது எரிந்துபோயின.

4471 என்னும் எண்ணைப் பெற்றவன் எந்த மத்தி? என்னை அலைக்கழித்த வினா இதுவே.

செவ்வாய்க்கிழமை காலை பாலத்து வீட்டுக்குச் சென்றேன். அங்கே டெலியா ரையன் தனியாக வாழ்கிறார். அவருக்கு எண்பத்து நான்கு வயது; பாலத்து ரையன்களில் எஞ்சியிருப்பவர் அவர் ஒருவரே. பாலத்து மத்தி அவருடைய தந்தையின் மூத்த சகோதரர். கிறிஸ்துமஸ் முடிந்ததும் டெலியா நீனா நகரிலுள்ள முதியோர் இல்லத்துக்குச் செல்லவிருந்தார். சமையலறையில் பாதிப் பொருள்கள் பெட்டிகளில் கட்டப்பட்டிருந்தன.

மேசையின்மீது கோவிலிலிருந்து தரப்பட்ட வெள்ளை உறையும் தாளும் இருந்தன. நவம்பர் மாதத்தில் ஒவ்வொரு வீட்டாரும் தம் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை அத்தாளில் எழுதிப் பீடத்தில் வைப்பது வழக்கம். டெலியாவின் தாளில் பதினான்கு பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. பதினைந்தாவது வரியில் பேனா மட்டும் வைக்கப்பட்டிருந்தது.

“வாப்பா தபாலு. கண்டுபிடிச்சிட்டியா?”

“இன்னும் இல்லக்கா.”

“அப்ப எதுக்கு வந்தே? பழரொட்டி திங்கவா?” என்று கேட்டவாறே அவர் ரொட்டியை வெட்டினார். “பாரு, என் வயசுக்கு இந்தப் பட்டியலை எத்தனை வருஷம் எழுதியிருக்கேன். எங்கப்பா எழுதினாரு, அதுக்கு முன்னாடி அவரோட அம்மா ஜோஹானா எழுதினாங்க. யாரும் மத்திப் பெரியப்பா பேரை எழுதலை. அவரு அமெரிக்காவுல இருக்காரு, கடுதாசி வரும்னே சொல்லிக்கிட்டிருந்தாங்க. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவருக்குன்னு சன்னல்ல மெழுகுவத்தி. போன வருஷம்கூட ஏத்தினேன்.”

“அவருக்கு இப்ப நூத்தி இருபத்தொண்ணு ஆகுது, அக்கா.”

“எனக்குக் கணக்கு தெரியாதா? எப்படியும் செத்துத்தான் போயிருப்பாரு. ஆனா உசுரோட இருக்கிறவன் பேரை இதுல எழுதுறது சாபம் விடுற மாதிரின்னு அவங்க சொல்லிச் சொல்லி, பேனாவை எடுத்தாலே கை ஓட மாட்டேங்குது.” அவர் கத்தியைக் கீழே வைத்தார். “இந்த வீட்டுலேருந்து போற கடைசிப் பட்டியல் இது. நானும் எழுதலைன்னா அவருக்குன்னு வேண்டிக்க ஆளில்ல.”

“எழுதிடுங்களேன்.”

“எந்த மனசோட எழுதுறது? பிரான்சுல செத்தது அவருன்னா, நூறு வருஷமா அவரை அம்போன்னு விட்டுட்டோமேன்னு மன்னிப்புக் கேட்டுட்டு எழுதுவேன். உசுரோட இருந்து, பெத்தவளுக்கு ஒரு வரிகூடப் போடாதவருன்னா…” அவர் பேனாவை வரியோடு நேராக வைத்தார். “அவரு அன்னிக்கே செத்திருந்தா நல்லா இருக்கும்னு தோணுது, தபாலு. இப்படி நெனைக்கிறது பாவமா?”

அதற்கு விடையளிக்கும் தகுதி எனக்கு இல்லை. ஏனெனில் என் சட்டையின் உட்பையில், ஏழு மாதங்களாக நான் எவரிடமும் கூறாத ஒரு பொருள் இருந்தது.

கடந்த ஏப்ரலில் எங்கள் வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசுவதற்காகத் இயேசுவின் திரு இருதயப் படத்தைக் கழற்றினேன். படத்தின் பின்புறத்து அட்டை நெகிழ்ந்து, ஒரு பழுப்பு உறை கீழே விழுந்தது. அது ராணுவ அலுவலகத்தின் உறை. ‘திருமதி ஜே. ரையன், கில்மோரன்’ என்று முகவரி எழுதப்பட்டிருந்தது. உறை பிரிக்கப்படவில்லை. மூலையில் என் தாத்தாவின் கையெழுத்தில், பென்சிலால், மூன்று தேதிகள் குறிக்கப்பட்டிருந்தன: நவம்பர் 19, 20, 23. அவற்றின் கீழே, ‘இரு வீட்டாரும் ஏற்கவில்லை’ என்று இருந்தது.

பாலத்து மத்தியின் தாய் ஜோஹானா. கறுப்பு மத்தியின் தாய் ஜூலியா. இருவருமே திருமதி ஜே. ரையன்.

பெறுநர் ஏற்காத கடிதத்தை அனுப்பியவருக்கே திருப்ப வேண்டும் என்பது விதி. என் தாத்தா அவ்விதியிலிருந்து பிறழாதவர். ஒரு முறை புயலில் ஆற்றைக் கடந்து ஒரு விதைக்கடை விலைப்பட்டியலைக் கொண்டு சேர்த்தவர். அவர் இதை ஏன் படத்தின் பின்னே வைத்தார்? இதை எண்ணும்போதெல்லாம் என் அறிவு மங்கிவிடுகிறது. நானும் அதைப் பிரிக்கவில்லை. பிறருடைய கடிதத்தைப் பிரிக்காமல் முப்பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தவனுக்கு அது எளிதன்று. மேலும், என் தாத்தாவின் பிழை ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சமும் எனக்கு இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

உறையை எடுத்து மேசையின்மீது வைத்தேன். நிகழ்ந்தவற்றைக் கூறினேன்.

டெலியா முகவரியை இரு முறை படித்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, “மேட்டு வீட்டு நெட்டைக் கூப்பிடு” என்றார்.

“நீங்களே பிரிக்கலாமே, அக்கா.”

“‘ஜே’ன்னுதான் போட்டிருக்கு. அவங்க ஜூலியாவுக்கும் ‘ஜே’தான். நாளைக்கு அவன் வந்து என் கடுதாசியைத் திருடிட்டேன்னு சந்தையில கத்துவான். கூப்பிடு.”

நெட் ரையன் மேட்டு வீட்டின் தலைவர், எழுபத்தொரு வயது. கறுப்பு ரையன் என்னும் கிளைப்பெயருக்குப் பொருந்தாத செந்நிற மீசை உடையவர். கறுப்பு மத்தி அவருடைய தாத்தாவின் அண்ணன். நினைவுக்கல் திறப்பைக் காண அவருடைய மகள் குழந்தைகளுடன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்துகொண்டிருந்தாள். ‘நம் வீட்டுப் பெயர் கல்லில் இருக்கும்’ என்று அவர் அவளுக்கு வாக்களித்திருந்தார்.

கால்மணி நேரத்தில் அவர் சேற்றுக் காலணிகளோடு வந்து நின்றார்.

“காலணியை வெளியில விடு” என்றார் டெலியா.

“பொட்டி கட்டிட்டுப் போகப்போற வீட்டுக்கு இம்புட்டு மரியாதையா?” என்று கூறினாலும் அவர் கழற்றினார். உறையைக் கண்டதும் அவருடைய குரல் தாழ்ந்தது. “இது எங்க இருந்துச்சு, தபாலு?”

மறுபடியும் கூறினேன்.

“அப்ப நூறு வருஷமா உங்க வீட்டுச் சுவத்துல தொங்கியிருக்கு. தபால் தாமதம்னு கேள்விப்பட்டிருக்கேன். இது கொஞ்சம் அதிகம்தான்.”

“கொண்டுவந்து குடுத்திருக்காரு, நெட். மூணு தடவை. ரெண்டு வீட்டுலயும் வாங்கலை.”

“ஏன் வாங்கலை?”

டெலியா சன்னல் வழியாகப் பாலத்தை நோக்கியவாறு பேசினார். “எனக்குத் தெரியும். சின்ன வயசுல ஜோஹானா சொல்லிக் கேட்டிருக்கேன். என்ன சொல்றாங்கன்னு அப்ப புரியலை. சண்டை நின்னு மணியடிச்சு எட்டு நாள் ஆச்சு, அதுக்கப்புறம் எங்கேருந்து சாவுக் கடுதாசி வரும், அது மேட்டு வீட்டுக்காரிக்கு வந்தது, போய் அங்க குடுன்னு சொல்லிட்டேன்னு சொல்வாங்க. ஜூலியா என்ன சொல்லியிருப்பா?”

“பாலத்துக்காரிக்கு வந்ததுன்னு சொல்லியிருப்பா” என்றார் நெட்.

என் தாத்தா அப்பாலத்தின்மீது நவம்பர் மழையில் மேலும் கீழுமாக நடந்திருப்பார். ஒரு தாயிடம் கொடுத்தால் மற்றவளின் மகன் பிழைப்பான். இரு தாயரும் தத்தம் மகனே பிழைக்க வேண்டும் என்று கதவைச் சாத்தினர். கடிதத்தைத் திருப்பி அனுப்பினால் இறந்தவன் உரிமையாளரற்ற பொருளாகிவிடுவான் என்று அவர் எண்ணினாரோ என்னவோ. உறுதியாகக் கூற என்னால் இயலவில்லை.

“பிரிங்க” என்றார் டெலியா. “தபாலு, நீயே பிரி. உங்க வீட்டுலதான இருந்துச்சு.”

ரொட்டிக் கத்தியால் விளிம்பைக் கீறினேன். உள்ளே அச்சடித்த ஒரு தாள் இருந்தது. வெற்றிடங்களில் மட்டும் மையால் நிரப்பப்பட்டிருந்தது. வருத்தத்துடன் தெரிவிக்கும் கடமை, பிரான்சில், நவம்பர் எட்டாம் நாள், போரில் கொல்லப்பட்டார் என்றெல்லாம் படித்துக்கொண்டே சென்று பெயரின் வரிக்கு வந்தேன். அங்கே, ‘எண் 4471. ரையன், எம்.’ என்று மட்டும் இருந்தது.

தாளைத் திருப்பினேன். பின்புறம் வெறுமையாக இருந்தது.

“அவ்வளவுதானா?” என்றார் நெட்.

“அவ்வளவுதான்.”

“இது எங்களுக்கு முன்னமே தெரியுமேப்பா.”

டெலியா என்னைப் பார்த்தார். ஏழு மாதங்களாக அவ்வுறைக்குள் விடை இருக்கிறது என்று நானும் நம்பியிருந்தேன் போலும். அது அந்நொடியில்தான் எனக்கே தெரிந்தது.

நெட் நாற்காலியை இழுத்து அமர்ந்தார். “சரி, யோசிச்சுப் பாப்போம். வரிசையில முன்னாடி நின்னவனுக்கு 4471. எங்க ஆளுதான் முன்னாடி நின்னிருப்பான். நாங்க எதுலயும் முந்திக்கிட்டு நிக்கிற ஜாதி.”

“நீங்களா? உங்கப்பன் பூசைக்கே நற்செய்தி வாசிக்கிறப்பதான் வருவான். கல்யாணத்துக்கே லேட்டா வந்தவன்.”

“அது கல்யாணம். தப்பிக்கப் பாத்திருக்கலாம்.”

“பெரியப்பா உயரமா இருப்பாரு. உயரமானவனைத்தான் சார்ஜென்ட் முன்னாடி நிறுத்துவான்.”

“உயரமானவனைப் பின்னாடிதான் நிறுத்துவான், அக்கா. போட்டோவுல எப்படி நிறுத்துவாங்க?”

“அது போட்டோடா. இது சண்டை.”

“எங்க மத்திக்குக் குதிரைன்னா பயம். லிமெரிக் பட்டாள வாசல்ல குதிரை நின்னிருந்தா பின்னாடி பதுங்கியிருப்பான். சே, அப்படிப் பாத்தா 4472 ஆயிடுறான். இதை விட்டுடுங்க, நான் சொல்லலை.”

அரைமணி நேரம் இவ்வாறு கழிந்தது. ஒவ்வொரு சான்றும் இரு பக்கமும் சாய்ந்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு கட்டத்தில் எந்த மத்தி உயரமானவன், எவன் குதிரைக்கு அஞ்சியவன் என்பதும் மறந்துபோயிற்று. அன்று இரு வீடுகளும் ‘எங்களுடையவன் அல்லன்’ என்றன. இன்று அதே இரு வீடுகளும் ‘எங்களுடையவன்’ என்று வாதிட்டன. இது எனக்கு வேடிக்கையாகவும் வருத்தமாகவும் தோன்றியது.

வாதம் தானாகவே ஓய்ந்தது. டெலியா கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டு என் முன்னே நீட்டினார்.

“குடு.”

“எதை, அக்கா?”

“கடுதாசியை. அன்னிக்கு இந்த வாசல்லதான வேண்டாம்னு சொன்னாங்க? நான் வாங்கிக்கிறேன். எங்க கையெழுத்துப் போடணும்?”

பதிவுத் தபாலுக்குத்தான் கையொப்பம் தேவை. இது சாதாரணத் தபால். எனினும் நான் அதைக் கூறவில்லை. என் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தேதியையும் முகவரியையும் எழுதி, பேனாவுடன் அவரிடம் தந்தேன். அவர் நிதானமாகக் கையொப்பமிட்டார்.

“இருங்க, இருங்க” என்று நெட் எழுந்தார். “நீங்க மட்டும் வாங்கினா அவன் உங்க ஆளுன்னு ஆயிடும். எங்க வீட்டுலயும்தான் கதவைச் சாத்தினாங்க. எனக்கும் குடு அந்தப் பேனாவை.”

ஒரே கடிதத்துக்கு இருவர் கையொப்பமிட்டதை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. உறையை டெலியா எடுத்துக்கொண்டார். உள்ளிருந்த தாளை நெட் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கதவருகே காலணிகளை அணிந்தவாறே அவர் என்னிடம், “கல்லுல என்ன போடுறதுன்னு மர்ட்டா கேட்டா என்ன சொல்வே?” என்றார்.

“நீங்க சொல்லுங்க.”

“எனக்கு என்னப்பா தெரியும். மக விமானத்துல ஏறிட்டா” என்று கூறிவிட்டு, மேட்டை நோக்கி நடந்தார்.

வியாழக்கிழமை மாலை மர்ட்டாவை அழைத்து, அவ்விடத்தை அப்படியே விட்டுவிடுமாறு கூறினேன்.

“சும்மாவா? பாக்கிறவங்க நான் வெட்ட மறந்துட்டேன்னு நெனைப்பாங்க.”

“நெனைக்கட்டும்.”

“உனக்கென்ன, தபாலு. என் பொழப்பு” என்று அவர் முணுமுணுத்தார். ஆயினும் அவ்விடத்தை மற்ற இடங்களைக் காட்டிலும் நன்றாக மெருகேற்றியிருந்தார் என்பதை ஞாயிறன்று கண்டேன். மூன்றாவது வரியில், ரையன் என்னும் பெயரை அடுத்து, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வெறுங்கல் பளபளத்தது. நெட்டின் பேத்தி அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

திறப்புக்கு முன்பு பூசை நடைபெற்றது. நைஜீரியாவிலிருந்து எங்கள் பங்குக்கு ஆகஸ்டில் வந்த ஃபாதர் எமேகா, பீடத்தில் குவிந்திருந்த உறைகளைப் பிரித்து, இறந்தோரின் பெயர்களை வாசித்தார். எங்கள் கிளைப்பெயர்கள் அவருக்கு இன்னும் பழகவில்லை. பட்டியல்களிலும் அவற்றை எவரும் எழுதுவதில்லை. இறைவனுக்கு முகவரி தேவையில்லை என்பது எங்கள் எண்ணம்.

டெலியா எனக்கு இடப்புறம் அமர்ந்திருந்தார். நெட் எங்களுக்கு முந்தைய வரிசையில் தம் குடும்பத்தாருடன் இருந்தார். டெலியா தாளில் எதை எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அவருடைய கைகள் மடியின்மீது ஒன்றையொன்று இறுகப் பற்றியிருந்தன.

நீண்ட நேரம் கழித்து, “மத்தாயஸ் ரையன்” என்று ஃபாதர் வாசித்தார்.

டெலியா மூச்சை உள்ளே இழுத்தார்.

மேலும் சில பெயர்கள் வந்தன. பிறகு ஃபாதர் வேறோர் உறையைப் பிரித்து, ஒரு வரியில் நின்றார். தாளை விளக்குக்கு அருகே கொண்டுசென்றார். ஏற்கெனவே வாசித்ததையே மீண்டும் வாசிக்கிறோமோ என்ற ஐயம் அவர் முகத்தில் தெரிந்தது. உதவி கோருவது போலக் கூட்டத்தைப் பார்த்தார். எவரும் அசையவில்லை.

“மத்தாயஸ் ரையன்” என்றார் அவர், முன்னினும் மெதுவாக.

நெட் திரும்பி டெலியாவைப் பார்த்தார். டெலியா முன்னே சாய்ந்து, பூசை என்பதையும் பொருட்படுத்தாமல் அவருடைய காதருகே கேட்டார்:

“முதல்ல படிச்சது எங்க ஆளையா, உங்க ஆளையா?”

நெட் என்னைப் பார்த்தார், நான் அறிந்திருப்பேன் என்பது போல.

எந்த வீட்டு உறை மேலே இருந்தது என்பதை நானும் கவனிக்கவில்லை.